மேலே ஒன்றுமில்லாத மேற்படி

மார்ச் 4, செவ்வாய்

காலை மணி 9.40. வந்திருக்கும் ஃபைல்கள் 57. சாஃப்ட்வேர் படித்தவை 19. மிச்சம் முப்பத்தெட்டையும் வாயில் வைத்த உடனே துப்பிவிட்டது.

துப்பியது நியாயம்தான். கேட்டது என்ன? ஒவ்வொரு பிரிவு அலுவலகமும் தன் தெருக்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சோதித்து, ஒரு வரியில் தெருவின் பெயர், பக்கத்தில் நைட்ரேட் எவ்வளவு என்ற எண். இவ்வளவுதான். வந்திருப்பதைப் பார்த்தால் குமட்டுகிறது. ஒரு ஃபைலில் முதல் ஏழு வரிக்கு அலுவலகச் சின்னமும் பூ வேலையும். இன்னொன்றில் எண்ணே கிடையாது; கெட்ட தண்ணீர் வரும் தெருக்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார் மகானுபாவர். சாஃப்ட்வேருக்குக் கண்ணா இருக்கிறது, சிவப்பைப் பார்த்துப் பதற? மூன்றாவது ஆள் பேப்பரில் எழுதியதை ஃபோனில் படம் பிடித்து ஷீட்டில் ஒட்டி அனுப்பியிருக்கிறார். படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல். நகக்கண்ணில் அழுக்கு.

பதின்மூன்றாம் தேதிக்குள் பட்டியல் வெளியே போகவேண்டும். ஐம்பதைத் தாண்டிய தெருவுக்கு லாரித் தண்ணீர், சுவரில் நோட்டீஸ்: கைக்குழந்தைக்குப் பால் கலக்க இந்தத் தண்ணீர் வேண்டாம். பெரியவர்கள் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுப் போய்விடுவார்கள். மூன்று மாசக் குழந்தைக்கு அப்படி இல்லை, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவர். மேஜைமேல் டிஷ்யூ விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “முப்பத்தெட்டா? சரிப்பா. பார்த்துக்கலாம்” என்றார். வெட்டிய நகம் ஒன்று தெறித்து என் சட்டைப் பையில் விழுந்தது. அவர் அதையும் பார்த்தார். எதற்கும் “பார்த்துக்கலாம்”தான், அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர்.

மார்ச் 5, புதன்

ஒரே பிரிவிலிருந்து இரண்டு ஃபைல். ஒன்றின் பெயர் ‘கடைசி’. மற்றதன் பெயர் ‘உண்மையான கடைசி 2’. இரண்டிலும் எண்கள் வேறு வேறு. அனுப்பியவரைக் கேட்டேன். “ரெண்டுல எது நல்லா இருக்கோ அதை எடுத்துக்குங்க.”

நல்லா இருக்கோ! தண்ணீரா, புடவையா?

மார்ச் 6, வியாழன்

இன்று மட்டும் பதினாறு ஃபைல்களைக் கழுவினேன். வேறு சொல் இல்லை. கழுவினேன்.

ஒரு ஃபைல் திறக்கவே மாட்டேன் என்றது. பெயருக்குப் பின்னால் ஷீட் என்று வால் ஒட்டியிருக்கிறது, உள்ளே பார்த்தால் ஏதோ வலைப்பக்கம். வாலை மாற்றியதும் வாய் திறந்தது. இன்னொன்றில் தெருப் பெயர்கள் எல்லாம் பழைய எழுத்துருவில் அடித்தவை. அவர்கள் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது எனக்குப் பூச்சி நசுங்கின மாதிரி தெரிகிறது. மாற்றினேன். நாலு ஃபைலில் செல்களை ஒட்டி ஒட்டி ஒரே பாளமாக்கி வைத்திருந்தார்கள். பிரித்தேன். இரண்டில் ‘40’ என்ற எண்ணின் பூஜ்யம் பூஜ்யமே இல்லை, ஆங்கில ஓ எழுத்து. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சாஃப்ட்வேர் கண்டுபிடித்தது, நான் கண்டுபிடிக்கவில்லை. அதற்கு என் மரியாதை.

என் பக்கத்து இருக்கைக்காரர் காபி குடித்த கோப்பை போன வாரத்திலிருந்து அங்கேயே இருக்கிறது. உள்ளே பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. ஃபைல்களைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் பரவாயில்லை போல இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கீழே ஒரு தண்ணீர் கேன், பக்கத்தில் அக்கா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பிரசவ ஆபரேஷன் ஆகி மூன்று மாசம்தான் ஆகிறது.

“நீயா தூக்குறே?”

“பின்ன யாரு, உன் மருமகனா? உங்க அத்தானுக்கு இந்த வாரம் பூரா ஷிஃப்ட்.”

தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாம் மாடியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அக்கா பின்னால் வந்து சிரித்தாள். “கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி உடம்பு பஞ்சாயிடுச்சுடா.”

அவளுக்குப் பால் போதவில்லை. பொடிப் பால்தான். ஒரு நாளைக்கு ஏழு பாட்டில். குழாய்த் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் கேன். “உங்க ஆபீஸ்ல தான டெஸ்ட் பண்றாங்க, எங்க பாலத் தெரு தண்ணி நல்லதா கெட்டதான்னு கேட்டுச் சொல்லேன். நல்லதுன்னா இந்தக் கேனைத் தலைமுழுகிடுவேன்” என்றாள்.

கேட்பது என்ன, கணக்குப் போடுகிறவனே நான்தான் என்றேன். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். பொடியன் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மார்ச் 10, திங்கள்

பதினொரு ஃபைல்கள் மட்டும் பாக்கி. பதினொன்றும் ஒரே கை. கீழ்த்தளப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மேடம். சில பிரிவுகளுக்கு அவரே எல்லாம் அடித்துக் கொடுக்கிறார். எண் இருக்க வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் எழுத்து. சாஃப்ட்வேர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீழே போனேன்.

“மேடம், எண் வர்ற இடத்துல எல்லாம் ‘மேற்படி’ன்னு அடிச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“அப்படின்னா?”

“மேற்படின்னா மேற்படிதான் தம்பி. மேல உள்ளபடி. உங்களுக்குத் தாய்மொழி தமிழ்தானே?”

“அந்த எண்ணையே அடிக்கலாமில்ல?”

“அதையே எத்தனை தடவை அடிக்கிறது? விரலை என்ன வாடகைக்கா எடுத்திருக்கேன்?”

பக்கத்தில் சோதனைக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஷீட்டில் போய் மேற்படி! எந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் இவர்? இவரை எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் விட்டது யார்? இனிமேல் இவர் எனக்கு மேற்படி மேடம்.

மேலே வந்து பத்து நிமிஷத்தில் முடித்தேன். முதலில் தெருப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கினேன். எந்தக் குப்பையைத் தொட்டாலும் முதலில் அடுக்கிவிடுவது என் வழக்கம், கையுறை மாட்டிக்கொள்கிற மாதிரி. பிறகு ‘மேற்படி’ இருக்கும் செல்லில் எல்லாம் மேலே உள்ள எண்ணை இறக்கச் சொல்லி நாலு வரிக் கட்டளை. ஒரே தட்டு. பதினொன்றும் சுத்தம்.

ஏழாம் பிரிவில் மட்டும் ஒரு கூத்து. முதல் வரியே ‘அச்சகச் சந்து: மேற்படி’. அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, தலைப்புதான். மேலே ஒன்றுமில்லாத மேற்படி! இந்த அம்மாவுக்கு என்ன மூளையோ. அந்த வரியைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

மார்ச் 12, புதன்

57-க்கு 57. பட்டியல் சாரிடம் போயிற்று. திறந்துகூடப் பார்க்கவில்லை. “சூப்பர்ப்பா” என்று தன் பெயரைப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். அவர் செய்ததிலேயே வேகமான வேலை இதுதான்.

மார்ச் 13, வியாழன்

பட்டியல் வெளியாகிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டேன்.

“உங்க தெரு ஒன்பது. வெறும் ஒன்பது. ஐம்பது வரைக்கும் பயமே இல்லை. கேனைத் தலைமுழுகலாம்.”

“நிஜமாவா? நல்லாப் பார்த்தியா?”

“நான் பார்க்காம யாரு பார்த்தது?”

ஃபோனிலேயே அவள் முதுகு நிமிர்ந்தது எனக்குத் தெரிந்தது.

மார்ச் 18, செவ்வாய்

சாருக்கு மேலிடத்துப் பாராட்டுக் கடிதம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். ஆணி அடிக்க என்னைக் கூப்பிட்டார். பச்சை முளைத்த கோப்பை இன்னும் அங்கேயே.

மார்ச் 23, ஞாயிறு

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் அக்கா வீடு. அத்தான் லீவு. பொடியன் தூளியில். உதட்டோரம் என்னவோ மாதிரி இருந்தது. நீலம் என்று சொல்ல முடியாது, சாம்பல். அக்கா “சளி பிடிச்சிருக்குடா, ரெண்டு நாளா பாலும் சரியாக் குடிக்கலை” என்றாள். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

அத்தான் சிகரெட்டுக்காக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். அங்கிருந்து பார்த்தால் எதிரே பெரிய தண்ணீர்த் தொட்டி.

“மாப்ள, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நூலகத் தெருவுல சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டியிருக்கான், குழந்தைக்குக் கொடுக்காதேன்னு. எங்களுக்கு ஒண்ணும் இல்லை.”

“உங்களுக்கு ஒன்பதுதான் அத்தான். அவங்களுக்கு எண்பத்தொண்ணு.”

“அது எப்படி? அவங்களுக்கும் இதே டேங்க்தானே? நூலகத் தெரு, அந்தச் சந்து, நாங்க. மூணுக்கும் ஒரே குழாய்.”

“எந்தச் சந்து?”

“அச்சகச் சந்துடா. அது உங்க லிஸ்ட்லயே இல்லையே.”

அச்சகச் சந்து. நான் குப்பையில் போட்ட வரி.

அகரவரிசையில் அ முதலில் வரும். அதனால்தான் அதற்கு மேலே ஒன்றுமில்லை. அடுக்கினவன் நான். அந்த அம்மா அடித்தபோது அதற்கு மேலே ஏதோ இருந்திருக்கிறது. அப்படியானால் பாலத் தெருவுக்கு மேலே? என்ன இருந்தது?

படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. அக்கா பாட்டிலில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து பிடுங்கிச் சிங்க்கில் கொட்டினேன்.

“டேய், என்ன பண்றே?”

“குழாய்த் தண்ணியா?”

“நீதானே சொன்னே?”

மறுபடி, மெதுவாக: “நீ சொன்னியேடா.”

அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோவில் எனக்கும் இடம் இருந்தது. அக்கா நகர்ந்து உட்காரவில்லை.

நான் அலுவலகத்துக்குப் போனேன். காவலாளி ஞாயிற்றுக்கிழமை என்றார். தெரியும் என்றேன். மெயிலோடு வந்த பழைய ஃபைலை இறக்கினேன், யாரும் கைவைக்காதது. மேடம் ஒரே தொட்டித் தண்ணீர் குடிக்கும் தெருக்களை ஒன்றாகச் சேர்த்து அடித்திருக்கிறார்:

நூலகத் தெரு: 81
அச்சகச் சந்து: மேற்படி
பாலத் தெரு: மேற்படி

நான் அடுக்கியதும் பாலத் தெரு போய்ப் பள்ளிக்கூடத் தெருவுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது. பள்ளிக்கூடத் தெரு வேறு தொட்டி. ஒன்பது. அந்த ஒன்பதைத்தான் இறக்கியிருக்கிறேன். ப-வுக்குப் பின்னால் பா. பாலர் வகுப்புக் கணக்கு.

பதினொரு ஃபைலிலும் இதையே செய்திருக்கிறேன். ஒரே தட்டு.

மிச்சம் பத்தின் பழைய ஃபைல்களையும் இறக்கி, பட்டியலோடு ஒவ்வொரு தெருவாக ஒப்பிட ஆரம்பித்தேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் அத்தான் ஃபோன். ரத்தத்தில் பாதிப்பு இருக்கிறதாம், ஆனால் லேசாகத்தான். டாக்டர் சொன்னது: சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள், தண்ணீரை மாற்றினாலே இறங்கிவிடும், இன்னும் இரண்டு நாள் இங்கேயே பார்க்கலாம். அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். “தூங்குறா மாப்ள” என்றார். அவள் குரல் பின்னால் கேட்டது.

சாரிடம் போனேன். முழுவதும் சொன்னேன். நல்லது என்று போட்ட தெருக்களில் பதினான்கு கெட்டது. கெட்டது என்று போட்டதில் ஒன்பது நல்லது. அந்தப் பதினான்கில் எத்தனை வீட்டில் பாட்டில் பால் கலக்குகிறார்களோ.

அவர் சுவரில் இருந்த சட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

“லிஸ்ட் போயாச்சேப்பா. இப்ப திருத்தினா கேள்வி கேப்பாங்க. அடுத்த மாச லிஸ்ட்ல சத்தமில்லாம மாத்திடுவோம்.”

“அதுவரைக்கும் குழந்தைங்க?”

“எல்லாரும் காய்ச்சித்தானே கொடுப்பாங்க? பார்த்துக்கலாம்.”

காய்ச்சினால் கூடும் என்று இவருக்குத் தெரியும். இந்த அறையிலேயே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். அவர் உதட்டோரம் டீயின் ஏடு ஒட்டியிருந்தது. இவ்வளவு நாளாக ஃபைல்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேனே, நாறினது இந்த நாற்காலி. இல்லை, இரண்டு நாற்காலி. என்னுடையதையும் சேர்த்து.

கீழே போனேன். மேடத்திடம் ஃபைலைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“நான் வரிசையாத்தான் தம்பி அடிச்சேன். நீங்கதான் கலைச்சிருக்கீங்க.”

“எண்ணை அடிச்சிருந்தா கலைச்சாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“கேட்டேன். விரல் வாடகைன்னீங்க.”

அவர் மனதுக்குள் என்னைத் திட்டினார். நானும்.  பிறகு அவர், “எந்தப் பதினாலு தெரு?” என்றார். சொல்லச் சொல்ல முகம் மாறியது. எட்டாவதில் நிறுத்தச் சொன்னார். அவருடைய தம்பி பெண்டாட்டி அங்கேதான் இருக்கிறாளாம், இது ஒன்பதாவது மாசமாம்.

ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மார்ச் 25, செவ்வாய்

காலையிலிருந்து மேடமும் நானும். அவர் பழைய வரிசையில் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார், நான் எண்ணைப் போடுகிறேன். ‘மேற்படி’ என்று வாய்வரைக்கும் வந்து ஒவ்வொரு தடவையும் விழுங்கி, “எண்பத்தொண்ணு” என்கிறார். “இந்த வயசுல வாயை மாத்தச் சொல்றீங்க” என்று முணுமுணுப்பு வேறு. சில நேரம் எரிச்சலாக இருக்கிறது. பெரும்பாலும் என் மேல்தான்.

மூன்று மணிக்கு ஏழாம் பிரிவையும் இன்னும் எட்டையும் முடித்தோம். பதினான்கும் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது. பட்டியல் முதலில் யார் யாருக்குப் போயிற்றோ அவர்கள் எல்லாருக்கும் திருத்தத்தை நானே அனுப்பினேன். சாரின் கையெழுத்து இல்லாமல், என் பெயரில். நோட்டீஸ் ஒட்டும் ஆட்களின் மேஸ்திரிக்கும் ஃபோன் செய்தேன். “கையெழுத்து எங்க சார்?” என்றார். இல்லை என்றேன். “குழந்தை விஷயம்னு சொல்றீங்க” என்று அவராகவே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குப் பாலத் தெரு வழியாக நடந்து வந்தேன். முதல் சுவரில் பசை ஈரம் காயவில்லை.

மார்ச் 26, புதன்

மெமோ. அனுமதியின்றித் தகவல் வெளியிட்டதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். கீழே சாரின் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருக்கிறது. இதற்கெல்லாம் கை வருகிறது அவருக்கு.

இரண்டு தெருவுக்கு லாரி போய்விட்டதாக மேடம் வந்து சொன்னார். மெமோவைப் படித்தார். “இதுல நாலு பிழை இருக்கு” என்றார்.

மார்ச் 27, வியாழன்

பொடியனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அத்தான் சொல்லித் தெரியும்.

மார்ச் 28, வெள்ளி

பக்கத்து இருக்கைக் கோப்பையைக் கழுவி வைத்தேன். மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. அவர் வந்து, “யாரு கழுவினது?” என்று ஏதோ திருடு போன மாதிரி கேட்டார்.

நாலு மணிக்கு ஃபோன். அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

“கேன்காரன் நாளையிலேருந்து வர மாட்டானாம். லாரி வந்தாலும் மூணு மாடி நான்தான் தூக்கணும்.”

“நான் கொண்டு வரேன்.”

 பின்னால் பொடியன் ஏதோ உளறிக்கொண்டிருந்தான். குரலில் தெம்பு இருந்தது.

“பெல் அடிக்காதே” என்றாள். “தூங்குவான்.”

வைத்துவிட்டாள். நாளைக்குச் செய்ய வேண்டியவை:

1. விளக்கக் கடிதம். ‘வரிசையைக் கலைத்தவன் நான். திருத்தி அனுப்பியவனும் நான்.’ அதற்குமேல் ஒரு வரிகூட வேண்டாம்.

2. மேடத்தோடு பாக்கி இரண்டு ஃபைல். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண்.

3. சட்டம் மாட்ட நான் அடித்த ஆணியைப் பிடுங்குவது. முடிந்தால்.

4. அக்கா வீட்டுக்கு இரண்டு கேன். மூன்று மாடி. பெல் அடிக்காமல்.

5. ஞாயிறு: மேற்படி.

6. திங்கள்: மேற்படி.